அறுபது பேருக்கு ஒரே மெயில்: டொமைன் பெயர் விற்க நினைக்கும் தங்கச்சிமடம் வாசகருக்கு

கேள்வி: மண்டபத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு மூன்று டொமைன் பெயர்கள் (இணையதள முகவரிகள்) வாங்கினேன். ஒன்று, ஊர்ப்பெயரும் கருவாடும் சேர்ந்த டாட் காம். இரண்டாவது, ராமநாதபுரம் முண்டு மிளகாய் பெயரில் டாட் இன். மூன்றாவது, தூத்துக்குடியில் உள்ள ஒரு கடல் உணவு ஏற்றுமதி கம்பெனியின் பிராண்ட் பெயரில் டாட் இன். ராமேஸ்வரம் முதல் தொண்டி வரை உள்ள லாட்ஜ், ஐஸ் கம்பெனி, நண்டு கம்பெனி, கருவாட்டுக் கடை என்று 60 முகவரி திரட்டி, மூன்று பெயரையும் விற்பதாக ஆங்கிலத்தில் ஒரே மெயிலை, பெறுநர்கள் பட்டியல் மற்றவருக்குத் தெரியாத பிசிசியில் அனுப்பினேன். 19 திரும்பி வந்துவிட்டன. ஒரே ஒரு பதில்தான் வந்தது: "நீங்கள் யார், இந்தப் பெயர் உங்களிடம் எப்படி வந்தது?" டாட் காமின் மதிப்பு 2,400 டாலர் என்று ஒரு தளம் காட்டுகிறது. புதுப்பிக்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. மெயிலை எப்படி எழுத வேண்டும், என்ன விலை கேட்கலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தங்கச்சிமடம்

பதில்: மெயிலுக்குப் போகுமுன் மூன்றாவது பெயரைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அதை விற்கிறேன் என்று யாருக்கும் ஒரு வரிகூட எழுதாதீர்கள், அந்தத் தூத்துக்குடி கம்பெனிக்கு எழுதவே எழுதாதீர்கள். டாட் காம் பெயர்களின் தகராறு யூடிஆர்பி என்ற விதியின்படியும், டாட் இன் பெயர்களின் தகராறு அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் ஐஎன்டிஆர்பி என்ற விதியின்படியும் தீர்க்கப்படுகிறது. பிராண்டின் சொந்தக்காரருக்கே, பதிவுக்கு ஆன செலவைவிட அதிக விலைக்கு விற்கத்தான் பெயரைப் பிடித்து வைத்தார் என்று தெரிந்தால், இரண்டு விதியிலும் அது கெட்ட நோக்கத்துக்குச் சான்று. அந்தச் சான்றை அவர்கள் வக்கீல் எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை, நீங்கள் அனுப்பிய மெயிலை அச்செடுத்து வைத்தால் போதும். டாட் காமில் கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்தார், அப்படியே பயன்படுத்தியும் வருகிறார் என்று இரண்டையும் காட்ட வேண்டும். டாட் இன்னில் இரண்டில் ஒன்று போதும். டொமைன் பெயருக்கும் வணிகச்சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லியிருக்கிறது.

அந்த ஒரு பதில் எந்தக் கம்பெனியிடமிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பிராண்டுக்குச் சொந்தமான கம்பெனிதான் என்றால், மறுமொழி போடுவதற்கு முன் வணிகச்சின்ன வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். பணம் கேட்காமல் மாற்றிக் கொடுத்துவிடுவதே பெரும்பாலும் மலிவான வழி. வேறு யாராவது என்றால், அந்தப் பெயரில் எந்தப் பக்கமும் போடாமல், புதுப்பிக்காமல் விட்டுவிடுங்கள். போட்ட காசு போனால் போகட்டும்.

இனி உங்கள் 60 மெயில். 19 திரும்பி வந்தது வெறும் நஷ்டக் கணக்கு இல்லை. அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்கு செத்த முகவரி என்றால், வாங்கிய பட்டியலுக்கு மொத்தமாகத் தள்ளுகிறவர் என்றுதான் மெயில் சேவைகள் உங்களைக் கணிக்கும். மிச்சம் 41-ல் பலவும் ஸ்பாமுக்குப் போயிருக்கும். தப்பி உள்ளே போனதும், பெறுநர் இடத்தில் தன் முகவரியே இல்லாத ஒரு மெயில். பெயர் சொல்லிக் கூப்பிடாத கடிதத்துக்கு நம் பக்கத்தில் யார் பதில் போடுகிறார்கள்?

அதைவிடப் பெரிய பிழை ஆள் தேர்வு. ஐஸ் கம்பெனிக்காரர் வாடிக்கையாளரைப் பிடிப்பது ஜெட்டியில், இணையத்தில் இல்லை. நண்டு கம்பெனி சதையைப் பதப்படுத்தி வெளிநாட்டு இறக்குமதியாளருக்கு அனுப்புகிறது. சில்லறையாக வாங்குகிறவர் அதன் பெயரைத் தேடப் போவதில்லை. ராமேஸ்வரம் ரதவீதியில் யாத்ரீகரை நம்பி நடக்கும் லாட்ஜுக்குக் கருவாட்டுப் பெயரை நீட்டினால் என்ன பதில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. 60 பேரில் உங்கள் டாட் காம் தேவைப்படக்கூடியவர் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம்.

அந்த ஐந்தாறு பேர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் இதில் முக்கால்வாசி வேலை. ராமநாதபுரத்திலோ மதுரையிலோ ஒரு பெரிய பலசரக்குக் கடைக்குப் போய், கருவாட்டுப் பாக்கெட்டுகளைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண் இருக்கும், தயாரிப்பாளர் முகவரி இருக்கும், தொலைபேசி எண் இருக்கும். அதன் கீழே, இணைய முகவரி வரவேண்டிய இடத்தில் ஒரு ஜிமெயில் ஐடியோ, இன்ஸ்டாகிராம் பெயரோ, கோடு போட்டு நீண்டுபோகும் ஒரு முகவரியோ இருந்தால், அவர்தான் நீங்கள் தேடும் ஆள். பாக்கெட் போடப் பணம் செலவழித்திருக்கிறார், பெயர் வேண்டும் என்று நினைக்கிறார், நல்ல முகவரி இன்னும் கிடைக்கவில்லை. இரண்டாவது வழி, கூகுளில் கருவாடு, ஆன்லைன் என்று தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தட்டிப் பார்ப்பது. மேலே விளம்பரமாக வருகிறவர்கள் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கடற்கரை ஊர்களை மட்டும் பார்க்காதீர்கள். சரக்கை இங்கே எடுத்துச் சென்னையிலும் கோவையிலும் பாக்கெட் போடுகிறவர்கள் உண்டு. ஊர்ப்பெயரின் மதிப்பு அவர்களுக்குத்தான் கூடுதல்.

இப்படி 15 பெயர் சேருங்கள். ஒவ்வொரு பெயரையும், உங்கள் டொமைன் பெயரையும், இந்திய வணிகச்சின்னப் பதிவகத்தின் இலவசத் தேடலில் போட்டுப் பாருங்கள். பொருள்களையும் சேவைகளையும் அங்கே எண் போட்டு வகுப்புகளாகப் பிரித்திருப்பார்கள். கருவாடு 29-ஆம் வகுப்பில் வரும், மிளகாய்த்தூளும் மசாலாவும் 30-ல், கடை நடத்தும் சேவை 35-ல். ஊர்ப்பெயரும் பொருளின் பெயரும் சேர்ந்ததை யாராவது பிராண்டாகவே பதிந்து வைத்திருந்தால், மூன்றாவது பெயருக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இன்னொரு சோதனை எழுத்துக்கூட்டல். கருவாடு என்பதை ஆங்கில எழுத்தில் தட்டும்போது 'வா'வுக்கு ஒரு ஏ போடுகிறவர் உண்டு, இரண்டு ஏ போடுகிறவர் உண்டு. ராமேஸ்வரத்தில் எச் சேர்க்கலாமா வேண்டாமா என்பதற்கும் இரண்டு கட்சி. தெரிந்தவர்கள் ஐந்து பேருக்குப் போன் போட்டுப் பெயரை வாயால் சொல்லி, வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். நான்கு பேர் உங்கள் டொமைன் போலவே எழுதினால் நல்லது. மாற்றி எழுதினால், அந்த எழுத்துக்கூட்டல் இன்னும் காலியாக இருக்கிறதா என்று பார்த்து அதையும் பதிந்து, இரண்டையும் சேர்த்து விற்றுவிடுங்கள். ஒற்றையாக விற்றால், இன்னொன்று யாரிடம் இருக்கிறது என்று வாங்குகிறவர் கேட்பார்.

மெயில் கிடைத்தவர் முதலில் செய்வது, அந்தப் பெயரை உலாவியில் தட்டிப் பார்ப்பது. "தளம் கிடைக்கவில்லை" என்று வந்தாலோ, யாரோ ஒருவருடைய விளம்பரங்கள் வரிசையாக வந்தாலோ பேச்சு அங்கேயே முடிந்தது. இந்த முகவரி விற்பனைக்கு இருக்கிறது என்று தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி, உங்கள் பெயர், கைபேசி எண். இவ்வளவு உள்ள ஒரு பக்கத்தை முதலில் போட்டுவிட்டுப் பிறகு மெயிலை அனுப்புங்கள்.

உங்கள் பெயரைக் கேட்டு எழுதாமல், 'ஊர்க்கருவாடு' என்று ஒரு மாற்றுப்பெயர் வைத்துக்கொண்டு ஒரு மாதிரி தருகிறேன்.

பொருள்: ஊர்க்கருவாடு டாட் காம் – விற்பனைக்கு

மதிப்பிற்குரிய (முதலாளியின் பெயர்) அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் 200 கிராம் நெத்திலிக் கருவாட்டுப் பாக்கெட்டை மதுரையில் ஒரு கடையில் பார்த்தேன். ஆர்டர் எடுப்பதற்கு இன்ஸ்டாகிராம் பெயரை அச்சிட்டிருக்கிறீர்கள்.

ஊர்க்கருவாடு டாட் காம் என்ற இணைய முகவரி என் பெயரில் பதிவாகியிருக்கிறது. அதை விற்கிறேன். நீங்கள் புதிதாகத் தளம் கட்ட வேண்டியதில்லை. இந்த முகவரியைத் தட்டுகிறவர் இப்போதுள்ள உங்கள் பக்கத்துக்கே வந்து சேருமாறு திருப்பிவிடலாம்.

விலை 30,000 ரூபாய். முகவரி உங்கள் கணக்குக்கு வந்த பிறகே பணம் என் கைக்கு வரும்படி, அதுவரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ சேவை வழியாகச் செய்துகொள்ளலாம்.

விருப்பம் இருந்தால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள், மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்.

(உங்கள் முழுப்பெயர், தங்கச்சிமடம், கைபேசி எண்)

இதில் முதல் இரண்டு வரிதான் ஆளுக்கு ஆள் மாறும். அதை மாற்ற உங்களிடம் விஷயம் இல்லையென்றால், அந்த ஆள் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டியவர் இல்லை. பார்க்காத பாக்கெட்டைப் பார்த்தேன் என்றும் எழுதிவிடாதீர்கள், எந்தக் கடை என்று திருப்பிக் கேட்பார்கள்.

மெயிலில் வரக்கூடாதவை சில உண்டு. 2,400 டாலர் மதிப்பு என்று அந்தத் தளம் காட்டியதைச் சேர்க்காதீர்கள். அது இயந்திரக் கணிப்பு. நெத்திலி என்ன, சீலா என்ன என்று அதற்குத் தெரியாது. "கூகுளில் முதலிடம் வரும்" என்றும் எழுத வேண்டாம். பெயர் பொருத்தத்தை மட்டும் வைத்து மேலே வந்த தரம் குறைந்த தளங்களைக் கூகுள் 2012-லேயே கீழே இறக்கிவிட்டது. அவர் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு இது தெரியும், உங்கள் மற்ற வரிகளையும் பிறகு நம்ப மாட்டான். "இன்று மட்டும்", "போட்டியாளருக்குக் கொடுத்துவிடுவேன்" போன்றவை மிரட்டலாகப் படும். பிடிஎஃப் இணைப்பு, படம், சுருக்கிய லிங்க் மூன்றும் ஸ்பாமுக்கு வழி.

அனுப்புவது உங்கள் சொந்தப் பெயரிலுள்ள சாதாரண ஜிமெயிலிலிருந்தே இருக்கட்டும். விற்கிற டொமைனிலேயே புதிதாக மெயில் முகவரி திறந்து அனுப்புவது கம்பீரமாகத் தோன்றும். ஆனால் அது முன்பின் மெயில் போகாத டொமைன். மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளும் சரியாக இல்லையென்றால் உள்ளே போவது சிரமம். நாளைக்கு மூன்று மெயில் போதும், தனித்தனியாக.

மெயிலை யார் திறப்பார் என்பதையும் யோசியுங்கள். கம்பெனியின் பொது முகவரியைப் பார்ப்பது பெரும்பாலும் பில்லும் கப்பல் பேப்பரும் போடுகிற ஊழியர். முடிவெடுக்கும் முதலாளி இருப்பது வாட்ஸ்அப்பில். மெயிலைச் சின்னதாக வைக்கச் சொல்வது இதனால்தான்: ஊழியர் அதை அப்படியே படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பினால் ஒரே திரையில் அடங்க வேண்டும். விலை, போன் நம்பர் இரண்டும் அந்தத் திரையிலேயே தெரிய வேண்டும்.

மொழி விஷயத்தில் உங்கள் ஆங்கிலத்தைக் குறை சொல்லவில்லை. பாக்கெட் போடும் வியாபாரிக்குத் தமிழில் எழுதுங்கள். சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனிக்கு மட்டும் எளிய ஆங்கிலம். "அண்ணாச்சி", "பாய்" என்பதெல்லாம் போனில் பழகிய பிறகு, எழுத்தில் வேண்டாம்.

பதில் வராவிட்டால் ஐந்தாறு நாள் கழித்து அதே மெயிலின் தொடர்ச்சியாக இரண்டு வரி. இன்னும் இரண்டு வாரம் கழித்துக் கடைசியாக ஒன்று. அதற்கு மேல் எழுதினால் உங்கள் முகவரியை ஸ்பாம் என்று குறித்துவிடுவார்கள். இரண்டாவது மெயிலுக்கும் மூன்றாவதற்கும் இடையில் ஒருமுறை போன் செய்யலாம். காலை லோடு ஏறும் நேரத்தில் கூப்பிடாதீர்கள். கீழக்கரை வியாபாரி என்றால் வெள்ளிக்கிழமை மதியமும் வேண்டாம். பெரிய கடல் உணவுக் கம்பெனி யாரேனும் பட்டியலில் இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் நல்ல சமயம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், முதலாளிக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

விலையை முதல் மெயிலிலேயே சொல்லலாமா என்பதில் இந்தத் தொழிலில் இருப்பவர்களிடையே இரண்டு கருத்து உண்டு. என் கணக்கு இது: 50,000 ரூபாய்க்குள் என்றால் சொல்லிவிடுங்கள். சின்ன வியாபாரி "எவ்வளவு?" என்று கேட்டு எழுத மாட்டார், லட்சக்கணக்கில் இருக்கும் என்று விட்டுவிடுவார். அதற்கு மேல் கேட்பதானால், விருப்பமா என்று மட்டும் கேளுங்கள்.

30,000 என்று மாதிரியில் போட்டது எப்படி வந்தது? பாக்கெட்டுக்கு 60 ரூபாய் நிற்கிறது என்று வைத்தால், அது 500 பாக்கெட்டின் லாபம். ஒரு வியாபாரி இந்தக் கணக்கைத்தான் மனதில் போடுவார். மாதம் 2,000 பாக்கெட் தள்ளுகிறவர் யோசிப்பார். 100 பாக்கெட் போடுகிறவர் யோசிக்க மாட்டார். முன்பு விற்ற டொமைன்களின் விலையை நேம்பயோ தளத்தில் பார்க்கலாம், ஆனால் அங்கே இருப்பதில் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்கள். தமிழ்ச் சொல்லுக்கு அந்த விலையை அப்படியே எதிர்பார்க்க முடியாது. எவ்வளவுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று ஒரு தொகையை இப்போதே காகிதத்தில் எழுதி வையுங்கள். "இதைத்தான் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கலாமே" என்பார்கள். வாதாட வேண்டாம். காலியாக இருந்தபோது அந்த விலை, இப்போது பதிவாகிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள்.

முண்டு மிளகாய் பெயருக்கு வேறு நிதானம் வேண்டும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பெயரில் சரக்கு விற்பதற்கு அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று பதிவு செய்துகொள்ளும் முறை இருக்கிறது. டொமைனை வாங்கினால் முகவரிதான் கிடைக்கும், அந்தப் பெயரில் மிளகாய் விற்கும் உரிமை கிடைக்காது. உங்கள் மெயில் அப்படி ஒரு உரிமையை விற்பதுபோல் ஒலிக்கக்கூடாது. எங்கிருந்தோ வரும் வத்தலுக்கு இந்தப் பெயரை ஒட்ட நினைக்கும் வியாபாரிக்கு எழுதவே வேண்டாம். இங்கே விளைவிக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு எழுதுங்கள். அங்கே சம்பளத்துக்கு இருக்கும் தலைமைச் செயல் அலுவலர் தனியாக முடிவெடுக்க முடியாது, இயக்குநர் கூட்டத்தில் வைக்க வேண்டும், இயக்குநர்கள் விவசாயிகள். அதனால் தமிழில், அச்செடுத்துக் கூட்டத்தில் வாசிக்கக்கூடிய அரைப்பக்கமாக எழுதுங்கள். ஒரு மாதமாவது ஆகும். நடுவில் நச்சரித்தால் காரியம் கெடும்.

பேச்சு முடிந்த பிறகு செய்வது சுருக்கம்தான். இருவரும் ஒரே பதிவாளரிடம் (டொமைன் பதிந்து தரும் நிறுவனத்திடம்) கணக்கு வைத்திருந்தால் கணக்குவிட்டுக் கணக்கு தள்ளிவிடலாம், செலவில்லை. வேறு பதிவாளர் என்றால், உங்கள் கணக்கில் டொமைனை நகரவிடாமல் வைத்திருக்கும் பூட்டை எடுத்து, மாற்றத்துக்கான ரகசியக் குறியீட்டை வாங்குகிறவரிடம் கொடுக்க வேண்டும். டாட் காம் போய்ச் சேர ஐந்து நாள் வரை ஆகலாம். டாட் காமைப் பதிந்தோ வேறு பதிவாளருக்கு மாற்றியோ 60 நாள் ஆகாவிட்டால் நகராது. விற்கப்போகும் நேரத்தில் பதிவிலுள்ள பெயரையோ மெயிலையோ திருத்தினாலும் அதேபோல் பூட்டு விழ வாய்ப்பு உண்டு.

பணம் எஸ்க்ரோவிலோ உங்கள் கணக்கிலோ வந்து சேருமுன் குறியீட்டைக் கொடுக்காதீர்கள். யுபிஐ ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது, வங்கிக் கணக்கையோ எஸ்க்ரோ கணக்கையோ நீங்களே திறந்து பாருங்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் நீங்கள் கேட்டதைவிட அதிகம் தருகிறேன், இந்தத் தளத்தில் மட்டும் ஒரு மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்புங்கள் என்பார். அந்தத் தளமே அவருடையது, சான்றிதழ் கட்டணம்தான் அவர் வியாபாரம். எஸ்க்ரோ தளத்தின் முகவரியையும் அவர் அனுப்பும் லிங்கில் போகாமல் நீங்களே தட்டித் திறங்கள்.

கருவாட்டுப் பெயரையும் மிளகாய்ப் பெயரையும், 15 பேர் பட்டியல் முடிந்து விற்பது என்று தீர்மானித்தால், முதல் மெயில் போகுமுன் புதுப்பித்துவிடுங்கள். காலாவதித் தேதியை யார் வேண்டுமானாலும் டொமைன் பதிவு விவரத் தேடலில் (ஹூஇஸ்) பார்க்கலாம். நான்கு மாதம்தான் மிச்சம் என்று தெரிந்தால், வாங்க நினைக்கிறவர் உங்களிடம் பேரம் பேச மாட்டார், தேதி முடியக் காத்திருப்பார்.